வெற்றிலைத் தட்டோடு போன ஆர்கெஸ்ட்ரா

பொன்னாடை என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். யாராவது அன்போடு போர்த்த வந்தால்கூட, வேண்டாம் என்று தடுக்கக் கை தானாக எழும்பிவிடுகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சில் நாங்கள் குடியிருந்த வீட்டு அலமாரியில் என் சேலைகளுக்கு இடமில்லை. பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று பொன்னாடைகள் அடைத்துக் கிடந்தன. உடுத்தவும் முடியாது, போர்த்திக்கொண்டு தூங்கவும் முடியாது, ஜரிகை குத்தும். இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்து ஜன்னலுக்குத் திரை போட்டேன். மலாயா முழுக்கத் தேடினாலும் இவ்வளவு மரியாதை வாங்கிய ஜன்னல் கிடைக்காது என்று தம்பி சிரிப்பான்.

தம்பியும் நானும் சேர்ந்து நடத்திய இசைக்குழு அது. ஊர்க்காரர்கள் ஆர்கெஸ்ட்ரா என்பார்கள். அவன் கீபோர்டு வாசிப்பான், நான் பாடுவேன். பகலில் அவன் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளார்க், நான் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் ஷிப்ட் வேலை. நான் பாடப் போவதற்கு அவர் குறுக்கே நின்றதில்லை, கூட வந்ததும் இல்லை. கிதாருக்கும் தபேலாவுக்கும் ஆட்கள் வருவார்கள், போவார்கள். ஆரம்பத்திலிருந்து மாறாமல் இருந்தவன் எங்கள் டிரம்மர் ஒருவன்தான்.

சாலாக் செலாத்தானில் வளர்ந்தவன். மாதா கோயில் பாட்டுக்குழுவில் டிரம்ஸ் பழகியவன். எங்களுக்கெல்லாம் பகல் வேலை இருந்தது, அவனுக்கு இல்லை. சனி ஞாயிறு லீவு தராத முதலாளி எவரிடமும் அவன் தங்கவில்லை. மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் கொஞ்ச நாள், லோரி கிளீனராகக் கொஞ்ச நாள். யாராவது என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் டிரம்ஸ் வாசிக்கிறேன் என்பான். அது சரி, வேலை என்ன என்று திருப்பிக் கேட்பார்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கோயில் திருவிழா, சங்கத்து ஆண்டு விழா, பள்ளிக்கூட நிதி திரட்டும் இரவு என்று எங்களுக்கு அழைப்புக்குக் குறைவே கிடையாது. கிள்ளானுக்கும் காஜாங்குக்கும் வேனில் போவோம், பாடுவோம். முடிந்ததும் தலைவர் மேடையேறி எங்கள் கலைச்சேவையைப் பற்றி நாங்கள் பாடிய நேரத்துக்குக் குறையாமல் பேசுவார். பொன்னாடை, மாலை, கைதட்டல், பின்கட்டில் சாப்பாடு. வேன் வாடகை போகக் கையில் கிடைப்பது பெட்ரோலுக்கும் தேத்தண்ணிக்கும் சரியாக இருக்கும்.

எங்களால் யாரும் பிழைக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நாங்கள் பாடப் போகிறோம் என்று முடிவானதுமே அச்சகத்தில் சுவரொட்டி ஓட ஆரம்பிக்கும். பூக்கடை அக்கா மேடைக்குச் சரம் கட்டுவார். கூடாரம் போடுகிறவர் ஆட்களோடு வந்து இறங்குவார். வீடியோ எடுப்பவர் தோளில் கேமராவும், பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு ஓடிவர ஓர் ஆளுமாக வருவார். வாசலில் கடலையும் முறுக்கும் பொட்டலம் கட்டும் கச்சாங் பூத்தேக்காரர், இடைவேளையில் எந்தப் பாட்டை வைத்தால் கூட்டம் வெளியே வரும் என்று என்னிடமே யோசனை கேட்பார். சவுண்டு சிஸ்டம் வாடகைக்குத் தரும் சீன முதலாளி, தவுக்கேயோ, காசு கைக்கு வராமல் ஒரு வயரைக்கூட இழுக்க மாட்டார். அத்தனை பேரும் எங்கள் தொண்டையையும் கையையும் நம்பி அன்றைக்கு வீட்டுக்கு அரிசி வாங்கிப் போவார்கள். நாங்கள் மட்டும் ஜரிகைத் துணியோடு போவோம்.

ஒரு தடவை அடக்க முடியாமல் ஒரு சங்கத் தலைவரிடம் கேட்டே விட்டேன். "அண்ணே, டிரம்மருக்கு வீட்டு வாடகை கட்டணும். ஏதாச்சும் பாத்து செய்யுங்க."

அவர் முகம் சுளித்தார். "என்னம்மா இது, கலைக்குப் போயி வெல பேசலாமா?"

"மைக்குக்கு வெல பேசுனீங்களேண்ணே. அந்த மைக்குல என்ன, காத்தா வந்துச்சு?"

தம்பி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேனில் ஏற்றினான். அந்தச் சங்கம் அதன்பிறகு எங்களைக் கூப்பிடவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று இருந்தேன்.

டிரம்மருக்குக் கல்யாணமாகி, மனைவி முழுகாமல் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு ஹாலில் பயிற்சி முடிந்ததும், அவன் குச்சிகளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். ஷா ஆலமில் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்திருக்கிறது. நிரந்தர வேலை. மூன்று ஷிப்ட் மாறி மாறி வரும், சனி ஞாயிறு என்று கணக்குக் கிடையாது. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

"போனா இனிமே வாசிக்க முடியாதுக்கா," என்றான். "டிரம்செட்ட வித்துடலாம்னு இருக்கேன். வீடும் சின்னது, புள்ள பொறந்தா வைக்க எடமில்ல."

 அவன் போனால் குழு கலைந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, டிரம்செட்டை விற்கிறேன் என்று சொன்னபோது அவன் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னதுதான் என்னை அறுத்தது. போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பொன்னாடையைக் கரைத்தா பால் கொடுக்க முடியும்?

அவன் மனைவி அன்றைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், அதிகம் பேசமாட்டாள். "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டேன். அவள் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "அவரு இஷ்டம்க்கா" என்றாள். இதில் உண்மையான முடிவு அவளுடையதுதான் என்று எனக்குப் புரிந்தது. அவள் முகம் வாடினால் அவன் குச்சியைத் தொடமாட்டான்.

அடுத்த மாதத்து அந்தத் திங்கட்கிழமை வருவதற்குள் ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த வழி டைப் அடிப்பது. வக்கீல் ஆபீசில் வேலை முடிந்ததும் உட்கார்ந்து, நல்ல இங்கிலீஷில் ஓர் அக்ரிமெண்ட் தயார் செய்தேன். இவ்வளவு கட்டணம், பாதி முன்பணம், மீதி மேடை ஏறுவதற்கு முன். கூப்பிட வந்தவர்களிடம் நீட்டினேன். எதற்கு வம்பு என்று தப்பித்து ஓடியவர்கள் பாதி. "நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கும்மா அக்ரிமெண்ட்? கோர்ட்டுக்கா போப்போறோம்?" என்று மனம் நொந்தவர்கள் மீதி. ஒருவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மேடையில் அதே பழைய பொன்னாடையோடு வந்து நின்றார்.

அந்த வாரமே சொந்தத்தில் ஒரு கல்யாணம். விருந்தாளியாகப் போயிருந்தேன். மேளக்காரர்கள் நிம்மதியாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டீங்களா, காப்பி வந்துச்சா என்று விசாரித்தபடி இருந்தார். அவர்களை எப்படிப் பேசினீர்கள் என்று கேட்டேன். "எப்படின்னா? வெத்தல பாக்கு வெச்சி, முன்பணம் குடுத்து அழைச்சோம். மேளம்னா அப்படித்தானேம்மா" என்றார், இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறாளே என்கிற மாதிரி.

எனக்கு மண்டையில் விளக்கெரிந்தது. நாதஸ்வரத்துக்கும் வாய்தான், கைதான். ஆனால் அவர்களைப் பார்த்துக் கலைச்சேவை என்று எவனும் வாய் திறப்பதில்லை. தட்டில் வெற்றிலை வைத்துக் கொடுத்த வாக்கை நம் ஆட்கள் மீறவே மாட்டார்கள். கையெழுத்துப் போட்டதை மறப்பார்கள், தட்டு மாற்றியதை மறக்க மாட்டார்கள். அக்ரிமெண்டைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

அப்போது கிள்ளானிலிருந்து ஓர் அழைப்பு வந்திருந்தது. துறைமுகத்தில் சொந்தமாக லோரிகள் ஓட்டுபவர். இந்த மாதமே மூத்த மகன் கல்யாணம், அதற்கு ஆர்கெஸ்ட்ரா வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பேசுங்கள் என்று தம்பியின் ஆபீசுக்குப் போன் செய்திருந்தார். அவராகத் தட்டு வைக்கப் போவதில்லை, நமக்குத்தான் தெரியுமே. ஆகவே நாமே கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்தேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஆரஞ்சு, நடுவில் ஒரு தேங்காய். அவர் செய்ய வேண்டியதெல்லாம் முன்பணத்தை அதில் வைத்துத் திருப்பித் தருவதுதான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று எல்லாரும் கொஞ்சம் உடுத்திக்கொண்டோம். நான் பட்டுச்சேலை கட்டினேன். தம்பியை வேட்டி கட்ட வைத்தேன், தலைக்கு எண்ணெய்கூட வைத்துச் சீவியிருந்தான். டிரம்மரையும் அவன் மனைவியையும் கட்டாயப்படுத்தி அழைத்துக்கொண்டேன். அவள் வந்து பார்க்கட்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். தம்பியின் பழைய காரில் கிள்ளானுக்குப் போனோம்.

லோரிக்காரர் ஷெட்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்தார், என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வேட்டியில் நின்ற தம்பியைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று. "வாங்க, வாங்க! சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே!" என்று தட்டை இரண்டு கையாலும் வாங்கிச் சாமி மாடத்துக்கு முன்னால் வைத்தார். ஆகா, எவ்வளவு மரியாதையான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே அவர் யாரையோ அவசரமாக அதட்டுவதும், அலமாரி திறந்து மூடுவதும் கேட்டது.

திரும்பி வந்து தம்பிக்கு எதிரில் உட்கார்ந்தார். "தம்பி என்ன பண்றீங்க?"

"கீபோர்டு வாசிக்கிறேன் ஆன்டி."

அவர் முகம் லேசாக இறங்கியது. "வேற?"

"இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல கிளார்க்."

முகம் மறுபடி ஏறியது. "வீடு சொந்தமா? அம்மா அப்பா ஏன் வரல?" தம்பி நல்ல பிள்ளையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். அப்பா இல்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி, காரில் ஏற முடியாது. இப்படிக் கேட்பது பெரிய இடத்துப் பழக்கம் போலிருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்தேன். அதற்குள் ஒரு பெண் சேலையை அவசரமாகச் சுற்றிக்கொண்டு, தலையில் பூ வைத்து, காப்பித் தட்டோடு வந்து தம்பிக்கு முன்னால் குனிந்தாள். தம்பி தேங்க்ஸ் என்று சொல்லி இரண்டு கரண்டி சீனி போட்டுக்கொண்டான்.

"ஜாதகம் கொண்டாந்திருக்கீங்களா?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டுச்சேலை, தட்டு, வேட்டி கட்டின கல்யாணமாகாத தம்பி, கூட ஒரு தம்பதி. யார் பார்த்தாலும் பெண் கேட்டுத்தான் வந்திருக்கிறோம் என்பார்கள்.  டிரம்மருக்கும் புரிந்துவிட்டது போலும், இருமுகிற சாக்கில் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினான். நல்லவேளையாக அந்த நேரத்தில் லோரிக்காரர் உள்ளே வந்தார்.

"அட, ஆர்கெஸ்ட்ராகாரங்களா! வந்து ரொம்ப நேரமாச்சா?"

அவர் மனைவி அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஆர்கெஸ்ட்ராவா? அப்ப தட்டு?"

நான் எழுந்து நின்று உள்ளதைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன், வளைக்கிற நிலையிலும் நான் இல்லை. "அண்ணே, மேளக்காரங்கள நீங்க தட்டு வெச்சுத்தானே கூப்பிடறீங்க. எங்களையும் அப்படிக் கூப்பிடணும்னு ஆசை. நீங்களா வெக்க மாட்டீங்கன்னுதான் நாங்களே கொண்டாந்தோம். இதோ, இவன் எங்க டிரம்மர். பொன்னாடையே வாங்கிட்டிருந்தா புள்ளைக்குப் பாலு வாங்க முடியாதுன்னு, பேக்டரிக்குப் போறேங்கறான்."

அவர் சாமி மாடத்துக்கு முன்னால் இருந்த தட்டையும் தம்பியின் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். தொடையில் தட்டி, கண்ணில் தண்ணீர் வர, நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அவர் மனைவியும் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். பூ வைத்த பெண் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள், அங்கிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. தம்பி மட்டும் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

"உண்மையச் சொல்றேம்மா," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நானும் ஆளுக்கொரு பொன்னாடை போத்தி, வயிறு நெறைய சாப்பாடு போட்டு அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். என் லோரிய ஒருத்தன் ஓட்டச் சொல்லிட்டு காசுக்குப் பதிலா பொன்னாட போத்துனா நான் விடுவேனா? ஒதப்பேன்லா!"

"சாமி முன்னால வெச்ச தட்டு," என்றார் மனைவி. "வெறுந்தட்டா திருப்பி அனுப்பாதீங்க."

அவர் உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்து தட்டில் வெற்றிலைக்குமேல் வைத்தார். எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை, பார்க்க வெட்கமாக இருந்தது. நான் கையை நீட்டினேன். அந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய், சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்த டிரம்மரின் மனைவி முன்னால் நின்றார். "புள்ளத்தாச்சிப் பொண்ணு வீட்டுக்கு வந்திருக்கு. நீ வாங்கிக்கம்மா, அதான் எங்களுக்கும் நல்லது."

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். வயிற்றைச் சமாளித்துக்கொண்டு முந்தானையைச் சரிசெய்து, இரண்டு கையாலும் வாங்கினாள். "ஒங்க வீட்டுக்காரரு அன்னிக்கு எங்க வீட்டு விசேஷத்துக்கு வந்து வாசிக்கணும்," என்றார் லோரிக்காரர், அவளைப் பார்த்து. "நேரத்தோட அனுப்பி வெய்யிம்மா." அவள் தலையை ஆட்டினாள். காரில் திரும்பி வரும்போது தட்டை மடியிலேயே வைத்திருந்தாள். பின்சீட்டில் கொஞ்சம் இடமிருக்கிறது, அங்கே வையேன் என்று சொன்னதற்கும் பரவாயில்லை என்றாள்.

அந்தக் கல்யாணத்தில் டிரம்மர் வாசித்த வாசிப்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. இதுதான் கடைசி என்று அவன் மனதில் இருந்ததோ என்னவோ. லோரிக்காரரோ, இந்த ஆர்கெஸ்ட்ராவைத் தட்டு வைத்துத்தான் அழைத்தேன் என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். நம் ஆட்களுக்கு அது போதாதா? அவர் தட்டு வைத்தால் நான் வைக்க மாட்டேனா என்று கிளம்பிவிட்டார்கள். அன்றைக்கே காஜாங்கில் நடக்கவிருந்த ஒரு நிச்சயதார்த்தத்துக்கு எங்களைப் பேசி வைத்தார்கள். இரண்டு நாளில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் வெற்றிலைத் தட்டோடு ஒரு குடும்பம் வந்து நின்றது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என் வீட்டுக்காரர் மட்டும், "நம்ம வீட்டுல பொண்ணு கெடையாதே" என்று வாசலில் நின்று விழித்தார்.

பின்னால் எங்களுக்கு நல்ல காலமே வந்தது. தொண்ணூறுகளில் கேசட் பதிவு, டின்னர் நிகழ்ச்சி என்று தம்பியும் ஆபீசை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினான். வேறு குழுக்களும் தட்டு கேட்க ஆரம்பித்தன. லோரிக்காரர் மகளைத் தம்பிக்குக் கேட்கலாம் என்று எனக்குப் பிறகு உண்மையாகவே ஆசை வந்தது. அதற்குள் அவள் சிரம்பானுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டாள். அந்தக் கல்யாணத்துக்கும் நாங்கள்தான் பாடினோம்.

ஆனால் இதெல்லாம் தெரியாமல்தான் அந்த முதல் திங்கட்கிழமை விடிந்தது. டிரம்மர் தன் முடிவைச் சொல்லவே இல்லை. இரண்டு மூன்று தட்டை நம்பி நிரந்தர வேலையை விடு என்று நானும் சொல்லவில்லை. காலையில் ஆபீசுக்குப் புறப்பட்டவள், கால் நில்லாமல் சாலாக் செலாத்தான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஃபேக்டரிக்குப் போகிறவனை வழியனுப்பிவிட்டு வருவோம், அவன் நல்லபடியாக இருக்கட்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்து முனையில் இறங்கும்போதே கண் கலங்கிவிட்டது.

வீட்டு வாசலில் வேன் நின்றது. டிரம்செட்டை விற்றுவிட்டான், ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். என்னைக் கண்டதும் அவன் கையிலிருந்த டிரம்மை இறக்கி வைத்தான். காஜாங் மண்டபத்தில் மேடை சின்னதாம், இன்றைக்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறான். அவன் மனைவி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சிம்பல் பையைத் தூக்கி அவனிடம் நீட்டினாள்.

பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஷா ஆலத்துல வேலைக்குச் சேரப் போறாருன்னாங்க. இன்னிக்குத்தானே? இன்னும் கெளம்பலியா?"

அன்றைக்கு என் வீட்டு ஹாலில் அவரு இஷ்டம் என்று சொன்ன பெண், பையை அவன் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கெளம்பிட்டாரு ஆன்டி," என்றாள். "இதான் அவரு வேலை."